கால்கோளும் பிடிமண்ணும்: பொதுவிட ஆக்கத்தில் கலைஞரும் ஊராரும்

நகரமைப்பு நூலார் அண்மைக் காலத்தே ஒரு கருத்தை வற்புறுத்தி வருகின்றனர். பூங்கா, சதுக்கம், கடற்கரை, தெருமுனை ஆகிய பொதுவிடங்களைப் பொறியாளரும் அலுவலரும் மட்டும் கூடி வகுத்தல் சாலாது. கலைஞரைத் தொடக்கத்திலேயே அழைத்தல் வேண்டும். அவ்விடத்தைச் சூழ்ந்து வாழ்வாரையும் உடன்வைத்துக் கேட்டல் வேண்டும் என்பது அக்கருத்து. இதனை மறுப்பார் அரியர். எல்லாரும் உடன்படும் கருத்துக்களே ஆராய்ச்சிக்கு முதற்கண் உரியன என்பது என் துணிபு. கலைஞரை அழைத்தல் எனின் எந்நிலையில் அழைத்தல்? ஊராரைக் கேட்டல் எனின் எதனைக் கேட்டல்? இடம் முழுவதும் வகுத்து முடிந்தபின், இச்சுவருக்கு நீலம் பூசலாமா பச்சை பூசலாமா என வினவுதலும் கேட்டலே ஆகும். இவ்வேறுபாடுகளைப் பிரித்தறிவதற்குத் தமிழ் இலக்கியத்திலும் தமிழ்நாட்டு வழக்கிலும் தக்க அளவுகோல்கள் உள. அவற்றைக் கொண்டு நம் காலத்துப் பொதுவிடங்கள் சிலவற்றை நோக்குதலே இக்கட்டுரையின் பொருள். இக்காலத்துச் சிந்தனை யாவும் பண்டே நம்மிடம் இருந்தன என நிறுவுதல் என் கருத்தன்று. அவ்வகை முயற்சிகள் பழம்பாட்டுக்கும் நலம் செய்யா. புதுச் சிந்தனைக்கும் நலம் செய்யா.

மன்றம், பொதியில், அம்பலம், சதுக்கம் என்பன பொதுவிடம் குறிக்கும் பழஞ்சொற்கள். பொதியில் என்பது பொது இல் என விரியும். ஒருவர்க்கும் உரியதன்றி எல்லார்க்கும் உரிய இல்லம் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளேயே அமைந்து கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரு பொதியில்களைப் பாடியுள்ளார். ஒன்று பட்டினப்பாலையில் வருவது. மற்றொன்று அகநானூற்றின் 167-ஆம் பாட்டில் வருவது. ஒரே புலவர் வாழும் பொதியிலையும் மாய்ந்த பொதியிலையும் பாடியிருத்தலின், இரண்டையும் ஒப்பிட்டுக் காண்டல் பயனுடைத்து.

பட்டினப்பாலைப் பொதியிலில் தெய்வம் உறையும் தூண் ஒன்று நிற்கிறது. பகைவர் நாட்டினின்றும் சிறையாகக் கொணரப்பட்ட மகளிர் நீராடி வந்து, தரையை மெழுகி, மலர் இட்டு, அந்தியில் அவியா விளக்கை ஏற்றுகின்றனர். ஊருக்குப் புதியராய் வந்தோர் பலர் ஏறி அங்குத் தொழுகின்றனர். அகநானூற்றுப் பொதியிலோ மக்கள் நீங்கிய ஊரில் உள்ளது. யானை உராய்தலின் செங்கற் சுவர் தளர்ந்து விட்டம் வீழ்கிறது, புறாக்கள் மாடத்தைத் துறக்கின்றன, சுவரில் ஓவியமாய் எழுதப்பெற்றிருந்த கடவுள் அவ்விடம் விட்டுப் போய்விடுகிறது, பலி மறக்கப்பட்டது, திண்ணை மெழுகுவாரின்றிக் கிடக்கிறது. ஓவியம் மங்கிற்று என்று புலவர் கூறினாரல்லர். ஓவியத்துள் இருந்த கடவுள் போயிற்று என்றார். மெழுகும் கையும் விளக்கேற்றும் கையும் இல்லாதவழி எழுதிய கோலம் வெறுஞ் சுவராகும் என்பது அவர் கண்ட உண்மை. கலையையும் புழக்கத்தையும் அவர் இரண்டாகப் பிரித்திலர்.

பட்டினப்பாலைப் பகுதி பிறிதொன்றையும் உணர்த்துகின்றது. அப்பொதியிலைப் பேணுவோர் அவ்வூர்க் குடிகள் அல்லர், சிறைப்பட்ட மகளிர். அங்குத் தொழுவோரிற் பலர் வேற்றூரார். எனின், ‘ஊரார்’ என்போர் யாவர்? இவ்வினா எளிதன்று. ஊரார் கருத்து என இன்று பேசுவோர் ஊரை ஒருமனப்பட்ட ஒரு கூட்டமாகக் கொள்கின்றனர். தமிழ்நாட்டு ஊர் அங்ஙனம் என்றும் இருந்ததில்லை. மன்றத்து ஏறுதற்கு உரியரும் ஏறாது ஒதுக்கப்பட்டோரும் என ஊர் பிளவுபட்டே இருந்தது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடத்தற்கே உரிமை வேண்டி 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில் அறப்போர் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். ஆதலின் ஊராரைக் கேட்டல் என்பது ஊர்ப் பெரியோர் நால்வரைக் கேட்டலாக முடியுமாயின் பழைய வேலியே புதுப்பெயர் பெறும். விளக்கேற்றுவாரும் மெழுகுவாரும் எவரோ அவரைக் கேட்டலே உண்மையான கேள்வி.

சிலப்பதிகார இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார்நகரத்து மன்றங்கள் ஐந்து கூறப்படுகின்றன: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம். இவற்றுள் அழகுக்கென மட்டும் நின்றது ஒன்றும் இல்லை. ஒன்று களவை வெளிப்படுத்தும். ஒன்று உடற்குறை தீர்க்கும். ஒன்று நஞ்சும் பித்தும் போக்கும். ஒன்று பொய்யொழுக்கத்தாரை ஒறுக்கும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் கோல் கோடினும் அறங்கூறவையம் ஒருபாற் சாயினும் வாய்பேசாது கண்ணீர் உகுக்கும். இவை புனைவு என ஒதுக்கற்பாலன அல்ல. பொதுவிடத்தில் நிறுத்திய உருவம் ஆள்வோர்க்கு அணியாக நில்லாது ஆள்வோர்மேற் சான்றாக நிற்றல் கூடும் என்னும் எண்ணம் அப்பாவையில் உளது. பிற்காலத்துப் பொதுவிடச் சிலைகளுட் பெரும்பாலன ஆள்வோர் கட்டளையால் எழுந்தவை. அவற்றுள் கண்ணீர் உகுக்க வல்லவை எத்துணை?

இனி, கல் நடும் முறைக்கு வருவோம். தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளை வைத்தார். கல்லைத் தேர்ந்து காணலும், அதனைக் கொள்ளத் தொடங்கலும், நீராட்டலும், நிலத்தில் நிறுத்தலும், அதற்குச் சிறப்புச் செய்தலும், பரவிப் போற்றலும் ஆகிய இவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. இவ்வாறனுள் நாட்டுதல் என்பது ஒரு படியே என்பதைக் கூர்ந்து நோக்குக. இன்றைய வழக்கில் சிலை நிறுவுதல் என்றால் திறப்பு விழா என்னும் ஒருநாள் நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியர்க்கோ அதற்கு முன் மூன்று படிகளும் பின் இரண்டும் உள. முன்னைய மூன்றும் எக்கல், எங்கிருந்து, யாருக்காக என்னும் வினாக்களுக்கு விடை தருவன. பின்னைய இரண்டும் நட்டபின் அதனை யார் பேணுவார் என்பதற்கு விடை தருவன.

இம்முறை நூலளவில் நின்றதொன்றன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பெற்ற தமிழி எழுத்துடைய நடுகற்கள் இதற்குச் சான்று. பட்டவன் பெயர், ஊர்ப்பெயர், ஆகோள் என்னும் நிகழ்ச்சி ஆகியவை சில சொற்களில் ஆங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. நெடிய புகழுரை இல்லை. அவ்வூரார்க்கு எது தெரிதல் வேண்டுமோ அஃது உண்டு.

சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டம் இவ்வாறு படிகளையே பெரிதும் காதைப் பெயராகக் கொண்டது. காட்சிக்காதை, கால்கோட்காதை, நீர்ப்படைக்காதை, நடுகற்காதை, வாழ்த்துக்காதை என்பன அவை. ஆனால் இளங்கோவடிகள் காட்சிக்காதையோடு காண்டத்தைத் தொடங்கினாரல்லர். அதற்கு முன் குன்றக்குரவையை வைத்தார். இவ்வைப்புமுறை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

வேங்கை நிழலில் ஒரு முலை இழந்து நின்ற மங்கையைக் கண்டவர் குன்றக்குறவர். அவள் கணவனோடு வானேறியதைக் கண்டவரும் அவரே. அக்கணமே தம் குலத்துக்கு இவளினும் பெருந்தெய்வம் இல்லை எனத் துணிந்து, பறை முழக்கி, மலர் தூவி, அவ்வேங்கை நிழலிலேயே வழிபாடு செய்தனர். கல் இல்லை, சிற்பி இல்லை, அரசாணை இல்லை. இடமும் நிகழ்ச்சியும் கண்டாரும் உளர். கண்ணகிக்கு முதற் கோட்டம் அவ்வேங்கை நிழலே என்றால் தவறாகாது. சேரன் செங்குட்டுவன் கல் நாட்டினான் என்று நாம் வழக்கமாகக் கூறுகிறோம். நாட்டினான், உண்மை. ஆயின் காட்சி அவனுடையது அன்று. மலைவளம் காணச் சென்ற அவனுக்குப் பேரியாற்றங்கரையில் அச்செய்தியைக் கொணர்ந்தவர் அக்குறவரே. நிகழ்ச்சியின் முன்வரலாற்றை உரைத்தவர் சாத்தனார், அதாவது கலைஞர். நம் நாட்டை நாடி வந்த பத்தினியைப் பரசல் வேண்டும் என்றவள் கோப்பெருந்தேவி. கண்ட மக்கள், பொருள் விரித்த புலவர், முடிவு கூறிய அரசி ஆகிய மூவரும் பேசிய பின்னரே அரசன் செயல் தொடங்குகிறது. இவ்வரிசை நன்று.

அதன்பின் நிகழ்வதைத் திறனாய்வாளர் பலர் வீரச்சிறப்பாகவே போற்றுவர். எனக்கு அதில் ஓர் ஐயம் உண்டு. கல் எங்கிருந்து கொள்வது என அமைச்சரும் அறிஞரும் சூழ்ந்தபோது இரு வழிகள் கூறப்படுகின்றன. பொதியிலிற் கல் எடுத்துக் காவிரியில் நீர்ப்படை செய்யலாம். இமயத்திற் கல் எடுத்துக் கங்கையில் நீர்ப்படை செய்யலாம். முன்னையது அண்மையது, பின்னையது சேய்மையது. வாள்வேந்தர் குடிக்கு முன்னையது சிறப்பாகாது என அரசன் ஒதுக்குகிறான். கண்ணகிக்கு எக்கல் பொருந்தும் என்பது அங்கு வினாவாக இல்லை. தன் குடிக்கு எக்கல் பொருந்தும் என்பதே வினாவாயிற்று. விளைவு, வடபுலப் படையெடுப்பும் கனகவிசயர் முடித்தலையில் ஏறிய கல்லும். காட்சிக்காதையில் திறைப்பொருளோடு வந்து பேசிய குறவர், கால்கோள் தொடங்கியபின் அக்கதையில் இடம்பெறுகின்றாரல்லர். தம் நிழலிற் கண்ட தெய்வத்துக்குக் கோட்டம் எழும்போது அவர்தம் சொல் கேட்கப்படவில்லை. பொதுவிட ஆக்கத்தில் இன்றும் நிகழும் பிழை இதுவே. தொடக்கச் செய்தி மக்களிடமிருந்து வரும். முதற்கூட்டத்தில் அவர் பேசுவர். பொருளும் கல்லும் தேர்வதாகிய இரண்டாம் படியில் அவர் மறைந்துபோவர்.

இளங்கோவடிகள் இதனை அறியாதவர் அல்லர் என்றே கருதுகிறேன். நடுகற்காதையில் கைவல் வினைஞர் கோட்டமும் உருவமும் சமைத்து முடித்த பின்பு, வாழ்த்துக்காதையில் அரசவையினரை முன்னிறுத்தாது தேவந்தியையும் கண்ணகியின் செவிலியையும் அடித்தோழியையும் கொணர்ந்து நிறுத்துகிறார். மாதரி மகள் ஐயையும் உடன் வருகிறாள். ஒவ்வொருத்தியும் தான் கண்ணகிக்கு இன்னாள் எனக் கூறி அழுகிறாள். வஞ்சி மகளிரும் பாடுகின்றனர். வென்ற அரசனின் கல்லாக வந்தது, அழுத மகளிரின் இடமாக மாறிவிடுகிறது. பொதுவிடத்தின் இறுதி உரிமை யாரிடத்தது என்பதை அக்காதை காட்டுகின்றது.

இலக்கியத்தை விடுத்து வழக்கிற்கு வருவோம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் ஐயனாருக்குச் சுடுமண் புரவி எடுக்கும் வழக்கம் இன்றும் உளது. விழா எடுக்கத் துணிந்த ஊரார், வேளாராகிய குயவரிடம் ஒரு பிடி மண் கொடுப்பர். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அம்மண்ணே ஆணை, அதுவே அச்சாரம். வேளார் அதனைப் பெற்றுப் புரவி வனையத் தொடங்குவார். பல கோயில்களில் பூசை செய்பவரும் அவரே. வனைந்து சுட்டு வண்ணம் தீட்டிய புரவிகளைக் குறித்த நாளில் கண் திறந்து, ஊரார் தம் தோளில் தூக்கிக் கோயில் சேர்ப்பர். முன்னைப் புரவிகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து கோயிற்காட்டிலேயே கிடக்கும். அவற்றை எவரும் இகழ்வதில்லை. பழுது பார்ப்பதும் இல்லை.

இவ்வழக்கில் மூன்று கூறுகள் என் உள்ளத்தைக் கவர்வன. ஊரார் கொடுப்பது வரைபடம் அன்று, மண். புரவியின் கழுத்து எத்துணை நிமிர்தல் வேண்டும், மணிமாலை எங்குத் தொங்கல் வேண்டும் என்பன வேளாரின் கைக்கும் மரபுக்கும் விடப்படும். கலைஞன் ஏவல் கேட்பவனாகத் தாழ்வதும் இல்லை. ஊரை மறந்து தனித்து நிற்பதும் இல்லை. அடுத்து, சுமத்தல். செய்தவர் ஒருவர், சுமப்பவர் பலர் என்பதால் அப்பொருள் பலர்க்கும் உடைமையாகிறது. மற்றொன்று அழிவு. சுடுமண் நெடுங்காலம் நில்லாது. ஆதலின் ஊர் மீண்டும் கூடுதல் வேண்டும், மீண்டும் மண் கொடுத்தல் வேண்டும். நிலைபேறு என்பதைப் பொருளில் வையாது கூட்டத்தில் வைத்த வழக்கு இது. நம் நகராட்சிகள் கருங்கல்லையும் வெண்கலத்தையும் நாடுவது, ஒருமுறை செய்துவிட்டால் மறுமுறை மக்களைக் கூட்ட வேண்டா என்னும் எண்ணத்தாலும் இருக்கலாம்.

இவ்வழக்கிலும் குறை இல்லை என்று சொல்லேன். பிடிமண் கொடுக்கும் உரிமையும் முதற் புரவி எடுக்கும் உரிமையும் எவர்க்கு என்பது பற்றி ஊர்களில் பூசல் எழுதல் உண்டு. பொதுவிடம் எனின் பூசலும் உடன் வரும். பூசலே இல்லாத பொதுவிடம் கண்டால் ஐயுற வேண்டும். அஃது ஒருவர்க்கும் வேண்டாத இடமாகவும் இருக்கலாம்.

பிடிமண் கொடாது எழுந்த ஓர் ஆக்கத்தின் கதை நியூயார்க் நகரத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க நடுவணரசின் பொதுச் சேவை ஆட்சியகம், அரசு அலுவலகக் கட்டடமொன்றன் முன்றிலில் நிறுத்துதற்கு 1979-ஆம் ஆண்டில் ரிச்சர்டு செர்ரா என்னும் சிற்பியிடம் ஒரு படைப்பு வேண்டிற்று. சாய்ந்த வில் எனப் பொருள்படும் பெயருடைய அப்படைப்பு 1981-இல் நிறுவப்பெற்றது. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் உடைய துருவேறிய எஃகுச் சுவர். சற்றே வளைந்து, சற்றே சாய்ந்து, முன்றிலைக் குறுக்கே பிளந்து நின்றது. நடப்பவன் தன் நடையையே உணர்தல் வேண்டும், இடத்தின் அளவை உடலால் அறிதல் வேண்டும் என்பது சிற்பியின் கருத்து. கருத்து ஆழமானதே. ஆயினும் நாள்தோறும் அலுவலகம் செல்வோர் தம் நடையை உணர விரும்பவில்லை. வாயிலை அடைய விரும்பினர். முன்றிலின் குறுக்கே நேரே செல்லும் வழி மறைந்தது. உண்பதற்கும் அமர்வதற்கும் இருந்த வெளி சுருங்கியது என முறையிட்டனர்.

1985-ஆம் ஆண்டு மார்ச்சில் பொது விசாரணை நடந்தது. 180 பேர் பேசினர். படைப்பு இருத்தல் வேண்டும் என்றோர் 122 பேர். அகற்றல் வேண்டும் என்றோர் 58 பேர். எண்ணிக்கையால் நோக்கின் சிற்பியே வென்றார். எனினும் குழுவினர் ஐவருள் நால்வர் அகற்றுதற்கே இசைந்தனர். அப்படைப்பு அவ்விடத்துக்கென்றே ஆக்கப்பட்டது, பெயர்த்தல் என்பது அழித்தலே என்று சிற்பி வழக்காடினார், பயன் இல்லை. 1989 மார்ச்சு 15 இரவில் எஃகு மூன்று துண்டாக்கப்பட்டு அகற்றப்பட்டது. பின்னர் 1997-இல் அங்கு வளைந்து வளைந்து செல்லும் பச்சை இருக்கைகள் அமைந்தன. அவையும் நிலைக்கவில்லை, பின்னொரு காலத்து அம்முன்றில் மீண்டும் திருத்தியமைக்கப்பட்டது.

இதனைக் கலைக்கும் பொதுமக்களுக்கும் நிகழ்ந்த போர் எனப் பலர் எழுதினர். எனக்கு அது படிவரிசை மாறியதன் விளைவாகத் தோன்றுகிறது. காட்சியில் நிகழ வேண்டிய உரையாடல் நடுதலுக்கு நான்காண்டு பின்னர் நிகழ்ந்தது. அப்போது கேட்கத்தக்க வினா ஒன்றே எஞ்சியிருந்தது: இருக்கலாமா, போகலாமா? அவ்வினாவுக்கு வாக்களிக்கலாம், அதனால் ஓர் இடத்தைச் சமைத்தல் இயலாது. பேசியவருட் பலர் கலையுலகத்தார். அவர்க்கு அம்முன்றில் நாள்வழி அன்று. அவர்தம் வாதத்திலும் வலிமை உண்டு. இன்று பலர்க்குப் பிடிக்காத படைப்பை நாளை அகற்றலாம் எனின் எக்கலைஞனும் துணிந்து செய்யான். நானும் அச்சுவரைக் குறைபட்ட படைப்பு என்னேன். வேங்கை நிழல் இல்லாத இடத்தில் வந்து நின்ற இமயக்கல் அது.

அதே நாட்டில், அதே காலத்தில், வேறொரு சுவர் வேறு வழியிற் பிறந்தது. வியட்நாம் போரில் ஈடுபட்ட முன்னாள் வீரர் சிலர் 1979-இல் ஒரு நிதியம் அமைத்து, தனியாரிடம் பொருள் திரட்டி, மாண்டாருக்கு வாசிங்டனில் நினைவிடம் வேண்டினர். பெயர்கள் அனைத்தும் பொறிக்கப்படல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. வரைவாளர் பெயர் அறியாது தேர்வு நடந்தது. 1,421 வரைவுகள் வந்தன. 1981-இல் தேர்வுபெற்றவர் மாயா லின் என்னும் 21 அகவை மாணவி. கருங்கல்லால் ஆகிய இரு கைகள் தரையைப் பிளந்து இறங்கிக் கூடும் அச்சுவரில் 57,000-க்கு மேற்பட்ட பெயர்கள், மாண்ட நாள் வரிசையில் பொறிக்கப்பட்டு, 1982 நவம்பரில் அது திறக்கப்பட்டது. பிற்சேர்க்கையால் அத்தொகை 58,000-ஐக் கடந்தது.

பூசல் இங்கும் எழுந்தது. வீறு இல்லை, கொடி இல்லை, மனித உருவம் இல்லை என்று வீரருள்ளேயே ஒரு சாரார் கடிந்தனர். பூசலைத் தணிக்க மூன்று போர்வீரர் சிலை 1984-இல் அணித்தே வைக்கப்பட்டது. அச்சிலை வேண்டியதன்று என்பது என் கருத்து. ஆயினும் சுவர் பிழைத்தது. காரணம், கொடுக்கப்பட்ட மண்ணைக் கலைஞர் மறந்திலர். கொடுத்தாரும் வடிவத்தைக் கட்டளையிட்டிலர். பெயர் என்பதே பிடிமண். இன்று அங்கு வருவோர் பெயரை விரலால் தடவுகின்றனர். தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்கின்றனர். கடிதமும் காலணியும் மாலையும் அடியில் வைத்துச் செல்கின்றனர். அங்ஙனம் வைத்த பொருள்களைப் பூங்காத் துறையார் எடுத்துப் பேணி வருகின்றனர். நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்த வழக்கை அறிந்த தமிழ் மாணவனுக்குப் பெரும்படை என்னும் படி இவ்விடத்து விளங்கித் தோன்றும். எவரும் இதனை அவர்க்குக் கற்பித்திலர்.

கோபன்கேகனில் 2012-இல் திறக்கப்பெற்ற சூப்பர்கீலன் பூங்கா பற்றியும் ஒரு சொல். பல நாட்டினின்றும் குடியேறியோர் வாழும் பகுதியில், கலைஞர் குழுவொன்றும் கட்டடக் கலைஞரும் நிலவடிவமைப்பாளரும் கூடி அமைத்தது அது. குடியிருப்பாரைக் கேட்டு அவரவர் நாட்டு விளக்கும் இருக்கையும் நீரூற்றும் ஊஞ்சலும் கொணர்ந்து வைத்தனர். கேட்டது நன்று. ஆனால் பொருள்களைத் தேர்வு செய்தது ஊரார். நிலத்தின் அமைப்பையும் நிறத்தையும் வகுத்தவர் வல்லுநர். கண்காட்சியின் சாயல் அதில் படிந்திருப்பது அதனாற்போலும்.

சென்னைக் கடற்கரைக்கு வருவோம். உழைப்பாளர் சிலை 1959 சனவரியில் திறக்கப்பெற்றது. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் சிற்பி. பாறையொன்றைப் பெயர்க்க நால்வர் முயலும் தோற்றம் அது. இங்குப் பிடிமண் கொடுத்த ஊரார் எவரும் இலர். அரசு வேண்டிற்று, கலைஞர் வனைந்தார். என் அளவுகோலின்படி இது தோற்றிருத்தல் வேண்டும். தோற்கவில்லை. மக்கள் அதனை அடையாளமாகக் கொண்டனர்; பேருந்து நிறுத்தமும் அதன் பெயராலேயே வழங்குகிறது. எனவே, முன்கூட்டிக் கேட்டால்தான் பொதுக்கலை வாழும் என விதி வகுத்தல் இயலாது. அச்சிலையில் பாறை இன்னும் பெயரவில்லை. நால்வர் உடலும் முயற்சியின் நடுவே உள்ளன. தோளும் முதுகும் வளைந்த அவ்வுடல்கள் அவ்வழியே நடக்கும் சுமையாளருக்கும் மீனவருக்கும் அயலானவை அல்ல. 1923-இல் மே நாள் முதன்முதல் சிங்காரவேலரால் கொண்டாடப்பெற்றது இந்நகரத்துக் கடற்கரையிலேயே. இடம் அக்கலைக்கு முன்பே ஒரு செய்தியைக் கொண்டிருந்தது. கலைஞர் கைக்கு அது வாய்த்தது. வாய்த்தல் வேறு, வழக்காதல் வேறு. அரிய கலைஞன் ஒருவன் கேளாமலே கேட்டறிவான் என்பதைக் காட்டி, ஏனையோரையும் கேளாது விடுதல் பொருந்தாது.

அதே கடற்கரையில் 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சிலைகள் பத்து எழுந்தன. அவற்றுள் ஒன்று சிலம்பு ஏந்திய கண்ணகி. ஏனைய ஒன்பதும் புலவர், அறிஞர், விடுதலை வீரர் ஆகியோர்க்கு உரியன. கண்ணகி ஒருத்தியே காப்பிய மாந்தர். அச்சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அதன் பொருட்டு எழுந்த அரசியல் வாதங்கள் ஈண்டு வேண்டா. கருதத்தக்கது ஒன்று: அகற்றியபோது எழுந்த எதிர்ப்பு, 33 ஆண்டுகளில் அக்கல் பலர்க்கும் உடைமையாகிவிட்டதைக் காட்டிற்று. ஆனால் மீண்டும் நட்டபோதும் நடுதல் மட்டுமே நிகழ்ந்தது. அச்சிலையைச் சூழ அமர்தற்கோ கூடிப் பாடுதற்கோ இடம் அமைப்பது பற்றிய பேச்சு எழுந்திலது. சாலையோரத்துப் பீடத்தின்மேல் அவள் தனியே நிற்கிறாள். தேவந்தி வந்து நின்று பேசுதற்கு அங்கு இடம் இல்லை.

அவள் பெயராலேயே ஓர் ஊர் உளது. சென்னைக்குத் தெற்கே துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர், 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் குடிசைமாற்று வாரியம் அமைத்த மறுகுடியமர்வு. கூவம், அடையாறு முதலிய நீர்க்கரைகளினின்றும் பிற இடங்களினின்றும் பெயர்க்கப்பட்டோர், கடற்கோளால் வீடிழந்தோர் எனப் பல திறத்தார் அங்குக் குடியேற்றப்பட்டனர். 15,000-க்கு மேற்பட்ட சிறு வீடுகள் அடுக்கடுக்காக உள்ளன. 2020-ஆம் ஆண்டில் அவ்வடுக்குகளின் பெருஞ்சுவர்களில் கலைஞர் பலர் பெரும் ஓவியங்கள் தீட்டினர். மாநகராட்சியும், தெருக்கலை வளர்க்கும் அமைப்பு ஒன்றும், வண்ண நிறுவனம் ஒன்றும் அதற்குத் துணை நின்றன. முகங்களும் உருவங்களும் பல மாடி உயரத்தில் எழுந்தன. ஊரின் பெயர் குற்றச்செய்தியோடு மட்டும் நாளிதழில் வந்த நிலை சற்றே மாறிற்று. ஓவியம் காணப் பிற பகுதியாரும் வந்தனர். இதனைச் சிறிது என்று தள்ளுதல் முறையன்று. தம் ஊர்ப்பெயரைச் சொல்ல நாணிய இளைஞர்க்கு அஃது எத்துணைப் பெரிது என்பது நாணியவரே அறிவர்.

எனினும் படிவரிசையை நினைக்க. அவ்வடுக்குகள் எங்கு எழுதல் வேண்டும், அவற்றிடையே எத்துணை வெளி விடல் வேண்டும், மரம் எங்கு, மன்றம் எங்கு, முதியோர் அமரும் திண்ணை எங்கு, மகளிர் அந்தியில் கூடும் இடம் எங்கு என்னும் வினாக்களுக்கெல்லாம் அங்கு வாழ்வோர் வருமுன்பே விடை எழுதி முடிந்துவிட்டது. கலைஞர் அழைக்கப்பட்டது சுவருக்கு. அவர்க்கு முன் நின்றது பிறர் கட்டி முடித்த சுவர்; அவர் தம் கடமையைச் செய்தனர். உருத்திரங்கண்ணனார் கண்ட பொதியிலில் சுவர் எழுது முன்னர்ப் பொது இல் இருந்தது. இங்கோ எழுதிய சுவர் உண்டு. பொது இல் இனித்தான் அமைதல் வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. அடுக்குகளுக்கு இடையே உள்ள சந்துகளில் மக்கள் தாமே கடையிட்டும், பந்தல் கட்டியும், சிறு கோயில் எழுப்பியும், வாயிலில் கோலமிட்டும் இடத்தைத் தமதாக்கிக்கொள்ளுதல் இத்தகைய குடியமர்வுகள் எங்கணும் காணப்படுவது. அலுவலர் இவற்றை ஆக்கிரமிப்பு என்பர். திறனாய்வாளன் இவற்றை வேறுவகையிற் படித்தல் வேண்டும்: கல்லும் அரசும் வருமுன் வேங்கை நிழலிற் பறை முழக்கிய குறவர் செயலின் வகையைச் சேர்ந்தன இவை. அடுத்து அவ்வூருக்கு வரும் கலைஞர், தூரிகையைக் கையில் எடுக்குமுன், எச்சந்தில் எப்பொழுதில் யார் கூடுகின்றனர், எவ்விடத்து நிழல் இல்லையென மகளிர் வருந்துகின்றனர், எந்த மூலையைச் சிறுவர் விளையாட்டுக்கெனக் கைப்பற்றியுள்ளனர் என்று ஒரு மழைக்காலமும் ஒரு வேனிலும் இருந்து கண்டு, பின்னர் அவர் கையிலிருந்து மண் பெறுவாராயின், சுவரோவியத்தினும் வேறாய ஒன்று அங்குப் பிறத்தல் கூடும். அது மேடையோ, மரநிழலோ, நீர்த்தொட்டியோ, விளக்குத் தூணோ என்பதை இப்போதே கூறுதல் இயலாது; கூறுதற்கு உரியார் அக்கண்ணகி நகரத்தார்.